தேய்மானப் பேர்வழி

தேய்மானப் பேர்வழிகள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் தூக்கியெறிவதை இவர்கள் பொறுக்கிக்கொள்வார்கள். நெல் உமி, நிலக்கடலைத் தோல், கரும்புச் சக்கை, எதுவானாலும் காயவைத்து, அரைத்து, சலித்து, பிளாஸ்டிக் பிசினில் கலந்து, விரல் நீளக் கட்டையாக வார்த்து, சுழலும் இரும்புத் தட்டின்மேல் பாரம் ஏற்றித் தேய்த்து, மிச்சத்தை எடை போட்டு, எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும். அரைப்பது எதில்? வீட்டு மிக்சியில்.

இவர்களோடு செருப்புக் கடைக்குப் போகாதீர்கள். விலை கேட்கமாட்டார்கள், அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டுவார்கள். "எப்படித் தாங்கறீங்க இந்த வயசுலயும்?" என்று மரியாதைக்குக் கேட்டுப் பாருங்கள். "எத்தனை கிலோ பாரத்துல?" என்பார்கள்.

என் அப்பா இந்த இனத்தில் முதல் தரம். ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸின் முகம் வாடியது.

"சட்டை எடையைக் கழிச்சீங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்போ இன்னும் குறைஞ்சிருக்கேன். சரியா எழுதுங்க."

அவர் வாயிலிருந்து தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராதா என்பது அம்மாவின் ஆயுட்கால ஏக்கம். இனி வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதன் பொருள் எங்கள் மூவருக்கும் தெரியும். அம்மா கேட்டேவிட்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

அப்பா யோசித்தார்.

"வெறும் பிளாஸ்டிக் சீக்கிரம் தேஞ்சிடும். உமி சேர்த்தாதான் தாங்கும்."

"அப்போ நான் உமியா?"

"அளவு இருக்கு. கம்மியா போட்டா பிரயோஜனமில்ல, கூடிப்போனா உதிரும். நீ சரியான அளவு."

அம்மா தலையணையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா? நானும் இதே துறைதான். அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை.

இப்போது துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அம்மா அதைத்தான் சொல்கிறார்: "கடைசியா என்னை உமின்னாரு." வந்தவர்கள் விழிக்கிறார்கள். அம்மா பொறுமையாக விளக்குகிறார், சதவீதத்தோடு.

சிரிக்கிறீர்கள். சரி, உங்களுக்காகத் தேய்ந்துகொண்டிருப்பவரிடம் கடைசியாக எப்போது ஒரு நல்ல வார்த்தை சொன்னீர்கள்? "நல்ல வார்த்தைன்னா, எதோட ஒப்பிடும்போது?" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்கிறதா? கேட்டால் வாருங்கள். எங்கள் இனத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.