மூன்றாவது முடிச்சும் அறுபத்துநாலு ஜிபி கார்டும்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பெண் ஒருத்தி குடும்பத்தில் இருந்தால், அந்த வீட்டில் கரண்டில் ஓடுகிற அத்தனை சாமானுக்கும் அவள்தான் பொறுப்பு. மிக்ஸி நின்றால் நான், டிவியில் புள்ளி விழுந்தால் நான், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் கத்தினாலும் நான். 'எனக்கு இதெல்லாம் தெரியாது' என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தத் திமிருக்குக் கிடைத்த கூலியைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பெரிய தம்பியின் கல்யாணம் சங்கரன்கோவிலில் நடந்தது. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும், மற்ற இரண்டையும் அவனுடைய அக்கா தங்கச்சி போடுவது எங்கள் வழக்கம். நாத்தனார் முடிச்சு. போட்டவளுக்குப் பெண் வீட்டார் பட்டுச்சேலை ஒன்று தருவார்கள். தம்பிக்கு அக்காமார் இரண்டு பேர். மூத்தவள் செல்வி, இளையவள் நான். இரண்டாவது முடிச்சை அவள் போட்டாள், மூன்றாவதை நான் போட்டேன். சேலைத் தட்டு வந்ததும், "ரெண்டையும் நான்தான் போட்டேன்" என்று அக்கா அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கத்தரிப்பூ நிறம், மயில் கரை. (சேலை பெரிசில்லை, உரிமைதான் பெரிசு என்று எல்லாரிடமும் சொன்னேன். சேலையும் பெரிசுதான்.)

"பொய் சொல்லாதக்கா. மூணாவது நான் போட்டேன்."

"ஏட்டி, நீ பக்கத்துல நின்ன. நின்னா போட்டதாயிருமா?"

மண்டபத்தில் ஆரம்பித்த சண்டை வீடு வரை வந்தது. கூட்டத்தில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஸ்டுடியோக்காரர் வீடியோ கொடுக்க மூன்று மாதமாகும் என்றார். அப்போதுதான் தம்பி ஒரு வழி சொன்னான். அவனுடைய கூட்டாளி ஜெபராஜ் மணமேடையில் ஏறி நின்று, தாலி கட்டியதை முகத்துக்கு நேரே தன் புதுப் போனில் எடுத்திருந்தான். சென்னைக்கு பஸ் ஏறுவதற்கு முன் போனிலிருந்த மெமரி கார்டைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டும் போயிருந்தான். வேறு பிரதி கிடையாது.

மறுநாள் காலை, அடுப்பில் கறி வெந்துகொண்டிருக்க, வந்திருந்த சொந்தம் மொத்தமும் என்னைச் சுற்றி உட்கார்ந்தது. கார்டை என் போனில் செருகினேன். கார்டு காலியாக இருக்கிறது, அல்லது இந்தக் கோப்பு முறை எனக்குத் தெரியாது என்று போன் ஆங்கிலத்தில் சொன்னது. ஃபார்மட் செய்யவா என்றும் கேட்டது.

"என்னட்டி சொல்லுது?" என்றாள் அக்கா. குரல் லேசாக நடுங்கியது. தோற்கப்போகிற பயம் என்று உள்ளுக்குள் குளிர்ந்தேன்.

"கார்டு கெட்டுப்போச்சாம். ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது."

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"சரி பண்ணுதது."

(சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.)

"பொறவு என்னத்துக்கு யோசிக்க? பண்ணு" என்றாள் அக்கா. "படிச்சவதான நீ."

கோப்பு முறைகளைப் பற்றிய பதினாறு மார்க் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதியவள் நான். அதில் ஒரு பக்கமாவது எனக்குப் புரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்று போன் இன்னொரு முறை எச்சரித்தது. போன்கள் எப்போதும் எதையாவது எச்சரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அமுக்கினேன்.

கார்டு அழகாகத் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"வெறும் கார்டைக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்று தீர்ப்பு சொன்னேன். எல்லாரும் சேர்ந்து ஜெபராஜை ஏசினோம். இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் இப்படிச் செய்யலாமா என்று அம்மா கேட்டாள். நான் அதோடு நிற்கவில்லை. சும்மா கிடக்கிற கார்டுதானே என்று, என் போனில் இடமில்லாமல் பிதுங்கிக்கொண்டிருந்த சீரியல்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்ற ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி ஜெபராஜைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"கார்டுல எல்லாம் இருக்கே சின்னக்கா" என்றான் ஜெபராஜ். "அது அறுபத்துநாலு ஜிபி, எக்ஸ்ஃபேட் முறையில இருக்கும். உங்க போன் பழசு. ஃபேட் தர்ட்டி டூ மட்டுந்தான் எடுக்கும். கார்டுல ஒரு குறையும் இல்ல. உங்க போனுக்குத்தான் வாசிக்கத் தெரியல."

"பி.எஸ்சி. படிச்சவ போனுக்கு வாசிக்கத் தெரியலையா?" என்றாள் அம்மா.

"ஃபார்மட் பண்ணிட்டேன்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"பரவால்லக்கா, மீட்டுரலாம். மேல எதையும் ஏத்திராம இருந்தாப் போதும்."

அந்த நிமிஷம் நாற்பத்து மூன்றாவது எபிசோடு ஏறிக்கொண்டிருந்தது.

கார்டைச் சென்னைக்கு அனுப்பி, ஜெபராஜ் எவ்வளவோ முயன்றும் மிஞ்சியது பெரியப்பா பாயசம் குடிக்கும் பதினோரு வினாடிதான். சொந்தக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: தோற்றுவிடுவோம் என்று தெரிந்து நான் வேண்டுமென்றே அழித்துவிட்டேன். படித்தவளுக்கு ஃபார்மட் என்றால் தெரியாதா? முட்டாள் என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். கள்ளி என்றதும் அழுதுவிட்டேன். மூன்று மாதம் கழித்து வந்த ஸ்டுடியோ வீடியோவிலும் விடிவில்லை. பூ மார்க்கெட் உள்ள ஊர். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் ஆளுக்கு நாலு முழம் மல்லிகை வைத்திருந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் திரை முழுக்க மல்லிகைதான் தெரிந்தது.

போன வருடம் சின்னத் தம்பியின் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன் மண்டபத்து அறையில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அவள் அதே கத்தரிப்பூ சேலையைக் கட்டியிருந்தாள். என் தலைக்குப் பூ வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, இந்தத் தடவை ரெண்டு முடிச்சையும் நீயே போடு."

"என்னக்கா திடீர்னு?"

"அன்னைக்கு மூணாவது நீதான் போட்ட. சேலையைப் பாத்ததும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. அந்தக் கார்டு வந்ததும் மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன். நல்லவேளை, உன் போன் ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு."

"ஃபார்மட்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"அழிக்கது. எம்மவன் என் போன்ல ரெண்டு தடவை பண்ணிருக்காம்லா."

பன்னிரண்டாவதோடு நின்ற என் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இன்னொரு தடவை சொல்லுக்கா" என்று கெஞ்சினேன். அவளும் பெரிய மனதோடு சரி என்றாள். போனை எடுத்து, அவள் முகத்துக்கு நேரே பிடித்து, சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

சேமிக்க இடமில்லை என்றது போன்.

கார்டை அழித்த அந்தக் காலையிலிருந்து நான் எந்தப் போனிலும் மெமரி கார்டு போட்டதில்லை. எதையாவது அழித்து இடம் பண்ணுவதற்குள் மேளம் கொட்டிவிட்டது. இரண்டு முடிச்சையும் நானே போட்டேன், சேலையும் வந்தது. கீழே இறங்கியதும் அம்மாவிடம் ஓடிப்போய், அக்கா தன் வாயாலேயே ஒத்துக்கொண்டாள் என்றேன்.

அக்கா மல்லிகையைச் சரிசெய்தபடி, "நான் எப்பம்ட்டி சொன்னேன்?" என்றாள்.

அம்மா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அதையும் ஃபார்மட் பண்ணிட்டியா?"