தையல் அளவுகளும் அரக்கு சீல் வைத்த டப்பாவும்

அன்பு மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். கம்ப்யூட்டர் மட்டும் காலமாகிவிட்டது. உங்கள் நலம் கேட்பதற்கு முன்னால், நீ நல்லா இருக்கணும் மச்சான் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறேன்.

போன வருடம் நீ வந்திருந்தபோது, "அத்தான், அக்கா கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கிற தையல் அளவெல்லாம் மூணு இடத்துல இருக்கணும், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியில இருக்கணும்"னு தலைபாடா அடிச்சுக்கிட்டே. முப்பத்தொரு வருடம் கிடங்கில் ஸ்டோர்கீப்பராகக் குப்பை கொட்டியவனுக்கு இவன் பாடம் எடுக்கிறானே என்று எனக்கு ரோஷம். ஆனாலும் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். சாமான் சிதறினால் தொலையும் என்பது என் தொழில் புத்தி. ஒன்றில் நகலெடுத்து, கம்ப்யூட்டர் மேசை இழுப்பறையிலேயே வைத்துப் பூட்டினேன். உன் தொல்லை தாங்காமல் இன்னொன்றை டப்பாவில் போட்டு, அரக்கு சீல் வைத்து உனக்கு அனுப்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை மாடிவீட்டுக்காரர் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். விட்டத்திலிருந்து கொட்டின தண்ணி நேரா மேசை மேல. கம்ப்யூட்டர் போச்சு, இழுப்பறையில இருந்த நகலும் ஊறிப் போச்சு. பதினோரு வருட வாடிக்கைக்காரர்களின் அளவு, ஆஸ்பத்திரி நர்ஸ்கள் நூற்று நாற்பது பேரின் அளவு, எல்லாம் அதில்தான். சீருடை கொடுக்க எட்டே நாள். உன் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. "தம்பிக்கு போன் பண்ணுங்க"ன்னுட்டு இஸ்திரி போடப் போயிட்டா.

மறுநாளே கூரியரில் டிஸ்க் வந்தது. பக்கத்துக் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் மாட்டினால் அத்தனையும் இருக்கிறது! போன மாதம் எடுத்த நர்ஸ் அளவுகள்கூட! ஒரு வருடத்துக்கு முன்னால் அனுப்பிய டிஸ்கில் போன மாதத்து அளவு! விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது மச்சான். உன் அக்காவின் தொழிலைக் காப்பாற்றியது உன் பிடிவாதமும், நான் வைத்த சீலும்தான்.

உங்கள் வீட்டில் குழாய் ஒழுகாமல், சட்டையில் பொத்தான் தெறிக்காமல் எல்லோரும் நிறைவாக வாழவேண்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
நன்றி மறவாத அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் உன் அக்கா இதைப் படித்தாள். படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "நகலெடுக்கிறதுக்கு முன்னாடியே சீல் வெச்சுட்டீங்க. தம்பி பிரிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. அத்தான்கிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படுவார்னான். அன்னையிலேருந்து அவனுக்குத் தைக்கிற சட்டைப் பார்சல்ல மாசாமாசம் நான்தான் ஒரு டிஸ்க் வெச்சு அனுப்புறேன். பழசு திரும்பி வரும்" என்கிறாள். ஒரு வருடமாக அந்தப் பார்சல்களைக் கட்டிச் சுமந்து கூரியரில் சேர்த்தவன் நான்! அவளுக்கு நேரில் நன்றி சொல்ல எனக்கு வாய் வராது, உனக்குத்தான் தெரியுமே. ஆகவே இந்தக் கடிதத்தின் அசலை அவளிடம் கொடுத்துவிட்டேன். உன் கையில் இருப்பது நகல்.