கூடத்துக்குள் கொண்டுவந்த கடல்

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைத் தின்றோமா, காப்பியைக் குடித்தோமா, போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்தோமா என்று இருப்பவனுக்கு ஒரு கெடுதலும் வராது. வாயைத் திறந்தவன் கெட்டான். நான் திறந்தேன். (வாயில் பஜ்ஜி இருக்கும்போதே.)

எண்பதுகளின் தொடக்கம். ஆரப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் நானும் அம்மாவும் மட்டும் இருந்த வாடகை வீடு. அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். எனக்கு ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஏற்கெனவே பார்த்த இரண்டு இடங்களும் ஜாதகத்தில் தட்டிப்போயிருந்தன. மூன்றாவது இடம் திருப்பரங்குன்றம். பெண்ணின் பெயர் தமயந்தி, விலங்கியல் படித்தவள். அவள் அப்பா அங்கே சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் பெண் வாயைத் திறந்து கேள்வி கேட்பது கிடையாது. தமயந்தி கேட்டாள். காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல், பொழுதுபோக்கு என்ன என்று கேட்டாள். மீன் வளர்க்கிறேன் என்றேன். அது உண்மைதான். ஊறுகாய் பாட்டிலில் இரண்டு குட்டி மீன்கள் வைத்திருந்தேன். அங்கேயே நின்றிருக்கலாம்.

"நல்ல தண்ணி மீனா, கடல் மீனா?" என்றாள்.

அவள் கண் அகலமாகி என்னையே பார்த்தது. அதுவரை என் வாழ்க்கையில் எந்தப் பெண்ணும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கடல் மீன் என்று சொன்னால் அந்தக் கண் இன்னும் கொஞ்சம் அகலமாகும் என்று தோன்றியது. சொன்னேன். அகலமானது. மதுரையிலா, பவளப்பாறையெல்லாம் உண்டா என்றாள். அது இல்லாமலா என்று ஒரு சிரிப்பு வேறு சிரித்து வைத்தேன்.

அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வருகிற புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்றார். வீடு பார்க்க வரும்போது பெண் கூட வரமாட்டாள், பெரியவர்கள்தான் வருவார்கள். அதனால் தமயந்தி உள்ளே போகிற போக்கில், "தொட்டிய நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் கழுத்தில் அப்போதே கயிறு விழுந்துவிட்டது. (மாப்பிள்ளைக்கும் கயிறு உண்டு, வெளியே தெரியாது.)

தமயந்தியை எனக்குப் பிடித்துப்போயிற்று. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பேருந்தில் திரும்பி வரும்போதே அவளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆகவே புதன்கிழமைக்குள் எங்கள் வீட்டில் ஒரு கடல் இருந்தே ஆகவேண்டும்.

நூலகத்தில் தேடியதில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. கடல்நீர்த் தொட்டியில் முதலில் கல்லையும் மணலையும் போட்டு, தண்ணீரைப் பக்குவப்பட விட்டு, ஒன்றரை மாதம் கழித்து ஒவ்வொரு மீனாக விடவேண்டும் என்று அது சொன்னது. இது வெள்ளைக்காரன் ஊர்க் கணக்கு என்று நான் முடிவுகட்டினேன். அங்கே குளிர், எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். மதுரை வெயிலில் இட்லி மாவே பாதி நேரத்தில் புளித்துவிடுகிறது, கடல்நீர் இரண்டு நாளில் பக்குவப்படாதா? இந்த ஆராய்ச்சியை நான் யாரிடமும் கலந்துகொள்ளவில்லை.

ஆரப்பாளையத்து வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, தொட்டி தயாரானது. சனிக்கிழமை பிளாஸ்டிக் கேன்களோடு ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறினேன். அங்கே கோயிலுக்கு எதிரே எல்லோரும் முங்கிக் குளிக்கிற கடலில் நான் மட்டும் கேன் கேனாகத் தண்ணீர் மொண்டேன். பிறகு பாம்பனுக்கு வந்து ஒரு மீன்காரரைப் பிடித்தேன். உயிரோடு மீன் வேண்டும், குழம்புக்கு இல்லை என்றதும், "அப்ப எதுக்கு?" என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படகில் ஏறினார்.

ஆனால் மனிதர் கொண்டுவந்ததைப் பார்த்து நானே வாயடைத்துப் போனேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். விரல் நீளத்தில் மூன்று நீல மீன்கள். முருகைக்கல் என்று அவர்கள் சொல்கிற பவளப்பாறைத் துண்டுகள். ஒரு கல்லில் பெரிய சாமந்திப் பூ மாதிரி ஓர் உயிர் ஒட்டிக்கொண்டு இதழ்களை ஆட்டியது. அந்த ஆரஞ்சு மீன்கள் அந்தப் பூவுக்குள்தான் குடியிருக்கும் என்றார். எனக்கு அப்போதே தமயந்தி ஞாபகம்.

திரும்பும் வழியில் டிக்கெட் பரிசோதகர் கேன்களைப் பார்த்துவிட்டார். இத்தனை சுமைக்கு லக்கேஜ் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். என்ன தண்ணீர் என்றார். நான் உண்மையைத்தான் சொன்னேன், ராமேஸ்வரத்துக் கடல்நீர் என்று. அவர் செருப்பைக் கழற்றினார். ஒரு கேனைத் திறக்கச் சொல்லி, உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டு, நல்லபடியாகப் போங்கள் என்று நகர்ந்துவிட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். எங்கள் சந்தில் குடியிருக்கும் கோமதியக்கா அதே பெட்டியில் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு மாலையே தொட்டியை நிரப்பிவிட்டேன். கல்லும் பூவும் மீனும் எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போயின. திங்கள் காலையில் சன்னல் வெயில் விழுந்தபோது அந்தக் கூடம் எங்கள் வீடு மாதிரியே இல்லை. ஆரஞ்சு மீன் பூவுக்குள் புகுந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டியது. நான் பல் துலக்காமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். பொய்க்காக ஆரம்பித்தேன் என்பதே மறந்துபோனது.

அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வெயிலுக்குத் தண்ணீர் வற்றும், ஆனால் உப்பு வற்றாது, அதனால் இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பு, கோட்டைவிட்டு இறங்கவே கூடாது. புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். அம்மாவும் தலையாட்டினாள்.

நான் தெருமுனை திரும்பியதும் கோமதியக்கா செம்போடு வந்திருக்கிறார். ராமேஸ்வரத் தீர்த்தம் வந்திருக்கிறதாமே, வீட்டில் தெளிக்கக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். தீர்த்தம் கேட்டு வந்தவரை அம்மா வெறும் செம்போடு அனுப்புவாளா? பின்னாலேயே மாடிவீட்டுக்காரர்கள், தையற்கடைக்காரர், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, தலையில் ஊற்றவேண்டும் என்று இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மாள். அம்மா மொண்டு மொண்டு கொடுத்திருக்கிறாள். கோடு இறங்கும்போதெல்லாம் நான் சொன்னபடியே குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். திங்கள் இரவு தண்ணீர் கோட்டிலேயே நின்றதால் நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் இதே திருவிழா.

செவ்வாய் சாயங்காலம் நான் வந்து பார்க்கும்போது தண்ணீர் கோட்டில் சரியாக நின்றது. மீன்கள்தான் சரியாக இல்லை. நீல மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பூ சுருங்கி, காய்ந்த அத்திப்பழம் மாதிரி கல்லில் கிடந்தது. வாசலில் இன்னொருவர் செம்போடு நின்றுகொண்டிருந்ததால் எனக்கு விஷயம் புரிந்தது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட, பாதிக் கடல வித்துட்டியே" என்றேன்.

"விக்கல, சும்மாதான் குடுத்தேன்" என்றாள் அம்மா. "நீதானடா கோடு இறங்கக் கூடாதுன்ன. தீர்த்தத்துல எம்புட்டுத் தண்ணி சேத்தாலும் அம்புட்டும் தீர்த்தந்தான்."

அம்மாவின் கணக்கில் தப்பு இல்லை, மீனுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியவில்லை. மறுபடி ராமேஸ்வரம் போய்வர நேரமும் இல்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. உப்புக் குறைந்தால் போடவேண்டியதுதானே, இதற்கா இந்த முழி என்று அடுப்படிக்குப் போய்க் கல்லுப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கை அள்ளிப் போட்டாள். கரண்டியால் கிண்டினாள். உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, ரசத்துக்குச் சொல்வது போலவே, சரியாக இருக்கிறது என்றாள்.

படித்த மகன் தடுத்திருக்க வேண்டும். படித்த மகன் குனிந்து தானும் ஒரு வாய் நக்கினான். ராமேஸ்வரத்தில் அலை அடித்து இரண்டு வாய் குடித்திருந்தேன், அந்த ருசி எனக்கு நாக்கிலேயே நின்றது. இது அவ்வளவு கரிக்கவில்லை என்றேன். அம்மா இன்னொரு கை போட்டாள். நான் இன்னும் என்றேன். நாலைந்து தடவை நக்கிய பிறகு நாக்கு மரத்துப்போய், எது போட்டாலும் சப்பென்று இருந்தது. நான் இன்னும் இன்னும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை விடிந்தபோது தொட்டி கழுநீர்ப் பானை போல வெளுத்திருந்தது. நீல மீன்கள் மூன்றும் ஆரஞ்சு மீன் ஒன்றும் மிதந்தன, எடுத்து வெளியே போட்டேன். பூ கரைந்து கூழாகி, கூடமெல்லாம் கருவாட்டு நாற்றம். இரும்புச் சட்டத்திலிருந்து துரு வேறு ஒழுகியது. அம்மா சாம்பிராணி போட்டாள். கருவாடும் சாம்பிராணியும் சேர்ந்தால் வருகிற வாசனைக்குத் தமிழில் சொல் இல்லை. இன்னொரு ஆரஞ்சு மீன் மட்டும் மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதையாவது காப்பாற்றலாம் என்று நல்ல தண்ணீர் ஊற்றிக் கடைசியாக ஒரு தடவை நான் விரலை வாயில் வைத்த நேரம், வாசலில் தமயந்தியின் அப்பாவும் பெரியம்மாவும் நின்றார்கள்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் என்று முடிவாகிறவரை மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கமாட்டார்கள். வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். பெரியம்மா உட்காரக்கூட இல்லை. மூக்கைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு, "நல்ல நாளும் அதுவுமா கருவாடா மதினி?" என்றார்.

கருவாடு இல்லை, ராமேஸ்வரத் தீர்த்தம் என்று அம்மா பதறினாள். தீர்த்தம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பெரியம்மாவின் கை தன்னால் நீண்டது. அம்மா பழக்க தோஷத்தில் மொண்டு ஊற்றினாள். பெரியம்மா கண்ணை மூடிக் குடித்தார். பிறகு அவர் முகம் போன போக்கை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

தமயந்தியின் அப்பா மகள் சொல்லை மறக்காதவர். நேராகத் தொட்டியிடம் போனார். மீன் எங்கே என்று கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துத் தேடினார். ஒன்றும் தெரியாததால், சமையல்காரர் கை சும்மா இருக்குமா, விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புக் கூடிப்போச்சே தம்பி" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஆரஞ்சு மீன் மேலே வந்து, அவர் மூக்குக்கு எதிரே மல்லாந்தது. திங்கள் காலை பூவுக்குள்ளிருந்து முகம் நீட்டிய மீன் அது. நான் விம்மிவிட்டேன். வந்தவர்கள் முன்னால், குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை, மூக்கைச் சிந்திக்கொண்டு, நான் ஊறுகாய் பாட்டிலில் மீன் வளர்க்கிறவன்தான், கடல் மீன் வந்து மூன்று நாள்தான் ஆகிறது, எல்லாம் உங்கள் மகள் கண்ணை அகலமாக்கிப் பார்த்ததால் வந்த வினை என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். போய்த் தகவல் சொல்கிறோம் என்று பெரியம்மா மூடிய மூக்கோடு சொன்னார். அந்தத் தகவல் என்னவென்று சந்தில் திரிகிற நாய்க்குக்கூடத் தெரியும்.

அன்றைக்கு அம்மாவும் நானும் சாப்பிடவில்லை. நல்ல பெண்ணை என் வாயால் பிடித்து, என் நாக்கால் தொலைத்தேன் என்று பட்டது.

திருப்பரங்குன்றத்தில் நடந்ததை எனக்குப் பிறகு தமயந்திதான் சொன்னாள். பெரியம்மா இந்த இடம் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். தமயந்தி முழுக் கதையையும் கேட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள்.

"நீங்களும் அப்பாவும் அந்த வீட்டுத் தண்ணிய வாயில வச்சீங்களா இல்லையா பெரியம்மா?"

இருவரும் வாயில் வைத்திருந்தார்கள். பெரியம்மா ஒரு கை முழுக்கக் குடித்தேயிருந்தார். வழக்கத்தைப் பெரியவர்களே மீறலாமா என்று மகள் கேட்டதும் அவள் அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டாராம். ஐப்பசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் எந்த மீனும் வளர்க்கவில்லை, தமயந்தி வளர்க்க விடவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் குழம்பில் உப்புச் சரியா என்று கேட்பதில்லை. "மீனு பொழைக்குமா?" என்றுதான் கேட்பார்கள். பொழைக்கும் என்றால் கடல்நீர் அளவுக்கு உப்புக் கூடிவிட்டது என்று அர்த்தம். ரொம்பவே கூடிப்போன அன்று தமயந்தி, ஆரஞ்சு மீனே பொழைக்கும் என்பாள். புதிதாக வந்த மருமகளுக்கு இதை விளக்கவே எங்களுக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

அம்மாவுக்குக் கடைசியில் ரத்தக்கொதிப்பு வந்து, டாக்டர் உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார். கைக்கு அளவே இல்லாமல் உப்புப் போட்டவளுக்கு அது பெரிய தண்டனை. முதல் நாள் தமயந்தி உப்பில்லாக் கஞ்சியை ஊட்டியபோது, அம்மா ஒரு வாய் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுல ஆத்து மீனுதான்டா பொழைக்கும்" என்றாள்.

தமயந்தி சிரிக்கவில்லை. அடுத்த கரண்டியை ஊதி ஆற்றி, அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஆத்து மீனாவது பொழைக்கட்டும் அத்தை. வாயத் தொறங்க."