என் வனவாசம்

இரண்டு பக்கமும் ஆறாறு கிளை விட்ட கொம்பன் எல்க் மான் ஒன்றை, இந்த வருஷம் அம்பால் அடித்தே தீருவது என்று செப்டம்பர் பிறந்ததுமே சபதம் எடுத்தேன். அந்தக் கொம்பை டிவிக்கு மேலே மாட்ட வேண்டும். அதன் கீழே உட்கார்ந்து நான் காபி குடிக்க வேண்டும். எங்கள் மொன்டானா மாநிலத்தில் ஓர் ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆசை கிடையாது.

என் மனைவி மார்னிக்கு ஒரே ஆசைதான். ஃப்ரீசர் நிறையக் கறி வேண்டும்.

"கொம்பை என்ன, வறுத்துத் தின்னப் போறியா கிளைட்?"

"உனக்கு இது மான் பிரச்சினை, மார்னி. எனக்கு மானப் பிரச்சினை."

"வருஷா வருஷம் வெறுங்கையோட வர்ற. இதுல நீ என்ன பெரிய கொம்பனா?"

சொல்வாள். வருஷா வருஷம் சத்தமில்லாமல் கொம்பில்லாத பெண் மான் ஒன்றை அடித்துக்கொண்டு வருகிறவள் அவள். அதை மூக்குமுட்டத் தின்கிறவன் நான்.

சீசனின் கடைசி சனிக்கிழமை. வேட்டைக்கு முன்னால் வாசனையில்லாத சோப்பு போட்டுக் குளிப்பது வழக்கம். அன்று பார்த்து சோப்பு தீர்ந்துவிட்டது என்றாள். முந்தின நாள் சாப்பாட்டில் பூண்டும் கொஞ்சம் தூக்கல். இருட்டு பிரியும் முன்பே அரசாங்கக் காட்டின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம்.

"நீ மேட்டுல ஏறி, உச்சியிலேர்ந்து காட்டுக்குள்ள இறங்கு. நான் கீழ ஓடைப்பக்கம் சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்கார வில்லு எதுக்கு?"

"துணைக்கு."

நியாயமாகத்தான் பட்டது. கிளம்பினேன்.

"கிளைட், சொல்ல மறந்துட்டேன். நேத்து ஒரு கிரிஸ்லி கரடி மேல ஏறிப் போச்சாம். குட்டியோட."

எடுத்து வைத்த அடியைத் திரும்பப் பின்னால் வைத்தேன்.

"யார் சொன்னா?"

"சொல்லிக்கிட்டாங்க."

"அப்ப கரடிக்கு அடிக்கிற அந்த மிளகாய் ஸ்ப்ரேவைக் குடு."

"ஒண்ணுதானே இருக்கு?"

"அதைத்தான் குடுங்கறேன்!"

"நான் தனியா இருப்பேன்ல? பயமா இருந்தா வண்டியிலயே படுத்துக்கோ. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அக்காகிட்ட மட்டும் சொல்றேன்."

அவள் அக்காவிடம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்று. ஏறினேன்.

உச்சியில் புல்லெல்லாம் உறைபனி. எனக்கோ முதுகில் வியர்வை ஓடியது. மரங்கள் நெருக்கியடித்து நின்றன. உள்ளே கறுப்பாக ஏதோ குந்தியிருந்தது. கரடி! மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்ட மரத்தின் அடிக்கட்டை. பத்தடி தள்ளி இன்னொரு கரடி. அதுவும் கட்டைதான். மூன்றாவதும் கட்டையாகத்தான் இருக்கும் என்று மூளை சொன்னது, கால்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பயந்தேன். சும்மா கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே செத்துவிடுவேன் என்று பயந்தேன். என் சொந்த மூச்சே பின்னால் யாரோ விடுகிற மூச்சாகக் கேட்டது. தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். தெரியாததையும் சேர்த்துச் சொன்னேன். அக்குளில் அருவி.

படீரென்று கீழே ஒரு கிளை முறிந்தது. அப்புறம் காடே முறிகிற சத்தம். வந்துவிட்டது! வில்லைத் தூக்கி எறிந்தேன். கிடைத்த மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

யாரும் என்னைத் தின்னவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தேன். சரிவில் ஒரு மந்தையே கீழ்நோக்கித் தெறித்து ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக ஓடியவனுக்கு இரண்டு பக்கமும் ஆறாறு கிளை. என் வில் முள்ளுப்புதரில் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் ஓடைப்பக்கமிருந்து மார்னியின் விசில் கேட்டது. பாதி நடந்தும் பாதி உருண்டும் போய்ச் சேர்ந்தேன். கொம்பன் கிடந்தான். பக்கத்தில் அவள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே அம்பு," என்றாள்.

"அது என் கொம்பன்!"

"உன்னோடதுதான். நீ அனுப்பின, நான் வாங்கிக்கிட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. விடிகாலைக் குளிர்காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். மான் மோப்பம் பிடிக்காமலிருக்க அந்த நேரத்தில் கீழிருந்துதான் ஏற வேண்டும். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கரடிப் பயத்தில் எனக்கு மட்டும் மறந்துபோயிருக்கிறது. என் வாசம் எனக்கு முன்னாலேயே காட்டுக்குள் இறங்கி மந்தையைக் கிளப்பி விட்டிருக்கிறது!

"சோப்பு தீரலையா?"

"என் பையில இருக்கு."

"அந்தப் பூண்டு?"

"வேணும்னுதான் போட்டேன்."

"கரடி?"

"எந்தக் கரடி?" நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெறும் பூண்டு அவ்வளவு தூரம் எட்டாது கிளைட். நீ நல்லா வேர்க்க வேண்டியிருந்துச்சு."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே கரடி, புலின்னு நீ எதைச் சொன்னாலும் நம்ப மாட்டேன்! அடுத்த வருஷம் என்னை எப்படி வேர்க்க வெக்கிறன்னு பாத்துடறேன்!"

மார்னி கத்தியைத் துடைத்துவிட்டு அன்பாகச் சிரித்தாள்.

"எங்க அம்மா உச்சியில நிக்கிறாங்கன்னு சொல்றேன்."

அங்கேயே வேர்த்துவிட்டது.