வெந்நீர்ப் பை ஆய்வுக்குழு

மாமனிதர்கள் கூடிப் போர்களை நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வெந்நீர்ப் பைக்காக ஐந்து அதிகாரிகள் தேநீர் இடைவேளையையே தியாகம் செய்த பெருமை, இந்த நில அளவை அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு.

அன்று டைப்பிஸ்டுக்கு மாதவிடாயின் முதல் நாள். ஈரத்துணியைப் பிழிவதுபோல் அடிவயிறு முறுக்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி வயிற்றோடு அணைத்துக்கொண்டு அரைப் பக்கம் அடிப்பதற்குள் மேலாளர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது?"

"வெந்நீர்ப் பை சார். பீரியட்ஸ். வயிறு ரொம்ப வலிக்குது."

மேலாளர் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார். "அனுமதி வாங்காம ஆபீஸ்ல சூடு வைக்கக் கூடாதேம்மா. ஒரு கமிட்டி போட்டுடலாம். குறிப்பு நீயே எடுத்துடு."

பத்தே நிமிடத்தில் 'உயர்மட்டக் குழு' கூடியது. பை மேசை நடுவில் வீற்றிருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினாள் டைப்பிஸ்ட். சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"தொட்டுப் பாக்காம எப்படி முடிவெடுக்கறது?" என்றார் கண்காணிப்பாளர். நியாயமான கேள்வி. முழங்காலில் வைத்துப் பார்த்தார். கண்கள் சொக்கின.

"முழங்கால் மட்டும் போதுமா சார்? கழுத்தையும் விசாரிக்கணும்" என்று கணக்கர் கடமை உணர்ச்சியோடு பிடுங்கிக்கொண்டார். வரைவாளர் தோள்பட்டையில் ஆராய்ந்தார். பதிவறைக்காரர் பாதத்தில் ஆராய்ந்தபோது லேசாகக் குறட்டை கேட்டது. ஆராய்ச்சி என்றால் சும்மாவா? மேலாளர் தம் இடுப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார்.

"சார், தாங்க முடியல. கொடுத்துடுங்களேன்."

"கமிட்டி நடக்கறப்ப குறுக்க பேசக் கூடாதும்மா."

ஒருவழியாகப் பை அவள் முன்னால் வந்தது. தொட்டாள். ஜில்லென்றிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேலாளரும் தொட்டுப் பார்த்துத் தீர்ப்பளித்தார். "இதுல சூடே இல்லையே. இது எப்படிம்மா வலியைப் போக்கும்? விண்ணப்பம் தள்ளுபடி. ஆனா இடுப்புக்கு நல்லா கேக்குது. பை இங்கயே இருக்கட்டும். தினம் காலையில வெந்நீர் ஊத்தி என் மேசையில வெச்சுடு."

வந்த கோபத்தில் அவளுக்கு வலிகூட ஒரு கணம் மறந்துபோயிற்று. நேராகப் போய் உட்கார்ந்து குறிப்பைப் படபடவென்று அடித்து நீட்டினாள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் கெட்ட பழக்கம் அந்தப் பெருமக்களுக்குக் கிடையாது. ஐவரும் சிரித்த முகத்தோடு போட்டார்கள். மறுநாள் அது அறிவிப்புப் பலகையில் ஏறியது:

"வெந்நீர்ப் பையால் வலி தீர்ந்தவர்கள்: ஐவர். கீழே கையொப்பமிட்டுள்ளனர். வலி தீராதவர்: ஒருவர். பை அவருடையது."