அக்காவின் கலியாணத்துக்கு நான் போட்ட ஃபுல் ஜொயின்

புதிதாக ஒன்றைப் படித்து முடித்தவரைக் கலியாண வீட்டு வேலைகளில் சேர்க்கவே கூடாது. தேங்காய் திருவச் சொல்லலாம், மாவிலை கட்டச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஆபத்து நான்தான்.

அக்காவுக்குக் கலியாணம் நிச்சயமானபோது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்திருந்தேன். தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளை இணைக்க, அதாவது ஜொயின் போட, அந்த வாரம்தான் சொல்லித் தந்திருந்தார்கள். உடனே கண்ணில் படுவதையெல்லாம் இணைத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. (சோற்றையும் குழம்பையும் பார்த்தால்கூட இது எந்த ஜொயின் என்று யோசித்த காலம்.)

என்னிடம் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் கலியாணத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள். அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டியது, வெறும் பெயர்கள் மட்டும். மற்றதில் முந்தின வருடம் அப்பப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள். கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு நினைவு மலர் அனுப்புவதற்காக முகவரிகளோடு போட்டு வைத்தது. தூரத்து ஆட்களுக்குக் கார்டைத் தபாலில் அனுப்ப முகவரி வேண்டும். இரண்டையும் சேர்த்தால் சரி, ஒரு நிமிட வேலை என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.

போட வேண்டியது லெஃப்ட் ஜொயின். கலியாண அட்டவணையில் உள்ளவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்களின் முகவரியை மற்றதிலிருந்து எடுத்துத் தரும். நான் போட்டது ஃபுல் ஜொயின். அது இரண்டு பக்கத்திலும் ஒருவரையும் விடாமல் கூட்டிக்கொண்டு வரும்; மறுபக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடும். திரையில் பார்த்தால், செத்தவீட்டுக்கு வந்த பலருக்குக் கலியாணப் பக்கம் வெறுமை. பாவம் அப்பா, வயது போய்விட்டது, மறந்துபோனார் என்று மனமிரங்கி அத்தனை வெற்றிடங்களையும் ஒரே கட்டளையில் 'ஓம், சொல்ல வேண்டும்' என்று நிரப்பினேன். பெயர்களை வாசித்துப் பார்க்கவில்லை. (நானே வாசிப்பதென்றால் கொம்பியூட்டர் எதற்கு?) முகவரிகளை அச்சடித்து, ஒட்டி, தபாலிலும் போட்டாயிற்று.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு ஒருவரையும் அழைப்பதில்லை. கேள்விப்பட்டால் கோபக்காரரும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். நல்ல காரியத்துக்குச் சொன்னால்தான் வருவார்கள். அந்த வெற்றிடங்கள் அப்பாவின் மறதி அல்ல, தீர்மானம். இது எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது, படிக்கப் போகும் வரை.

முதலில் சவப்பெட்டிக் கடைக்காரர் அம்மாவுக்குப் போன் எடுத்தார். கார்ட் கிடைத்தது, மிச்சம் சந்தோசம், ஆனால் தான் வந்து நின்றால் சபைக்கு நல்லாயிராதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாராம். அம்மா சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்தது தவராசா சித்தப்பா. அப்பப்பாவின் தம்பி மகன். அளவெட்டியில் பெண் எடுத்து அங்கேயே இருப்பவர். ஊரில் எங்கள் காணிக்கும் அவருடைய காணிக்கும் நடுவில் வேலி அடைத்தபோது நட்ட ஒரு கதியால் தடி இரண்டு விரல் தள்ளி நின்றுவிட்டது. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. கார்டைக் கண்டதும் அவர், அண்ணை இறங்கி வந்துவிட்டார் என்று அளவெட்டி முழுக்கச் சொல்லிவிட்டார். அது அப்பாவின் காதுக்கு வர ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

அப்பா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உவன் மண்டபத்துக்கு வந்தால் நான் வரமாட்டன். ஆர் கார்ட் அனுப்பினதோ, அவையே பொம்பிளையைத் தாரை வார்த்துக் குடுக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியதைக் கண்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அளவெட்டிக்கு ஓடினேன். கொடுத்த அழைப்பை எப்படித் திரும்ப வாங்குவது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தந்திருக்கவில்லை.

சித்தப்பா வெங்காயத் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். அட்டவணை, வெற்றிடம், ஜொயின் எல்லாவற்றையும் விளக்கி, அவர் வந்தால் அப்பா வரமாட்டார் என்பதையும் அழுதழுது சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"அப்ப கொப்பர் வரமாட்டாராமோ? பரவாயில்லைப் பிள்ளை. நானும் உன்ரை அக்காவுக்குத் தகப்பன் முறைதான். நான் தாரை வார்க்கிறன் எண்டு போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன்.

கலியாணத்தன்று மண்டபத்தைத் திறக்க ஆள் வருவதற்கு முதலே அப்பா வாசலில் நின்றார். தாரை வார்க்கும் வரை மணவறையை விட்டு அசையவில்லை. தண்ணீர் குடிக்கவும் எழும்பவில்லை. சித்தப்பா புதுப் பட்டு வேட்டியோடு முன்வரிசையில், தேவையென்றால் கூப்பிடுங்கள் என்ற முகத்தோடு இருந்தார். இரண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஆனால் பந்தியில் சித்தப்பாவுக்குப் பாயாசம் முடிந்ததை முதலில் கண்டது அப்பாதான். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் ஃபுல் ஜொயின். எதிர்பாராமல் யார் வந்து படலையைத் தட்டினாலும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நான் இப்போது புதியவர்களுக்கு இதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். வீட்டில் அதற்கு ஒரு மரியாதையும் இல்லை.

போன மாதம் அக்காவின் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். யார் யாருக்குச் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, இந்த முறை அப்பா சொல்லச் சொல்ல நான் கையால் எழுதுகிறேன் என்றேன், மிகப் பணிவாக. அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வேண்டாம். போன முறை போட்ட மாதிரியே கொம்பியூட்டரிலை போடு."

இரண்டு பக்கம் புரட்டினார்.

"அந்தச் சவப்பெட்டிக் கடைக்காரரை மட்டும் எடுத்து விடு."