வலக்கை தெரிந்தவன், இடக்கை தெரியாதவன்

மாமியார் ஊர்த் திருவிழாவுக்கு இந்த வருஷம் போவதில்லை. தியோதுல்ஃபோ சுமகாய்சாய் முடிவு செய்துவிட்டார். தலைகீழாக நின்றாலும் இல்லை.

இலோய்லோ நகரில் உயர்நிலைப் பள்ளி இங்கிலீஷ் வாத்தியார் அவர். போன வருஷத் திருவிழாவில், மாமியார் ஊரான கிமாராஸ் தீவில், மைத்துனன்மார் அவர் கையில் மைக்கைத் திணித்தார்கள். பாடினார். பாட்டு மெஷின் நூற்றுக்கு நாற்பது மார்க் போட்டது. பன்றி வாட்டிக்கொண்டிருந்தவன்கூட கம்பைப் போட்டுவிட்டுச் சிரித்தான். அந்த மானக்கேடு போதும்.

மனைவி லூர்திங் அதே பள்ளியில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறாள். காலையில் கடைசியாகக் கேட்டாள்.

“சார், சனிக்கிழம வர்றீங்களா?”

வீட்டிலும் அவர் இலக்கணம் திருத்த ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு அவர் சார்தான்.

“மாட்டேன்.”

“அம்மா கேப்பாங்களே.”

“காய்ச்சல்னு சொல்லு.”

“சரி.”

அந்தச் ‘சரி’ உறுத்தியது. சண்டை போடாமல் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. ஆனால் யோசிக்க நேரமில்லை. அன்று மாதிரி வகுப்பு. மேற்பார்வையாளர் திருமதி டிவினாகிராசியா பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். தேறினால் முதுநிலை ஆசிரியர். முன்பே இரண்டு தடவை தேறவில்லை. இதுவும் போனால் ஓய்வு பெறும்வரை இதே நாற்காலிதான்.

பாடம், ஒரு பெயரை ஒட்டிக்கொண்டு வரும் துணை வாக்கியம். ஆளுக்கு ‘ஹூ’. பொருளுக்கு ‘விச்’. கூடுதல் சேதியானால் கமா. தொண்டை வறளக் கத்தியும் பாதி வகுப்புக்கு ஏறவில்லை. ஆகவே அங்கே பல வாத்தியார்கள் செய்வதையே அவரும் செய்தார். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலக்கை. தெரியாதவன் இடக்கை. பார்க்கிறவருக்கு வகுப்பு முழுக்க மேதைகள். சார் வலக்கைக்காரனை மட்டும் எழுப்புவார்.

முதல் கேள்வி கேட்டார். கைகள் எழுந்தன.

அத்தனையும் வலக்கை.

பெனில்தா கெட்டிக்காரி. அவளை எழுப்பினார். சரியாகச் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் அவளையே எழுப்பினார்.

“அந்தப் பொண்ண விடுங்க சார்,” என்றார் மேற்பார்வையாளர். “இத்தன கை நிக்குதே.”

நின்றது. அதுதானே சங்கடம். கண்ணை மூடிக்கொண்டு ரோமெல் என்ற பையன் பக்கம் விரலை நீட்டினார்.

“எங்க வீட்டுக் கோழி, ‘ஹூ’ முட்ட போடுது...”

“கோழி ஆளா தம்பி?” என்றார் மேற்பார்வையாளர்.

“அதுக்குப் பேரெல்லாம் இருக்கு மேடம்.”

பேனா ஓடியது. நல்லதை எழுதுகிற ஓட்டமாக இல்லை. சாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னலைப் பார்த்தார்.

வெளியே லூர்திங். மேற்பார்வையாளருக்குப் பன்சித் நூடுல்ஸ் கொண்டுவந்திருந்தாள். கரண்டியை மைக் மாதிரி வாய்க்கு நேரே பிடித்தாள். கண்ணை மூடி உருகி உருகிப் பாடுவதுபோல் வாயசைத்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, ‘என்ன, வர்றீங்களா?’ என்பதுபோல் பார்த்தாள்.

புரிந்துவிட்டது. பிள்ளைகள் இவள் கடையில் வாழைப்பழ வறுவலுக்கு நின்றபோது ரகசியத்தை உளறியிருக்கிறார்கள். எல்லாரும் வலக்கையே தூக்கச் சொல்லி இவள் மாற்று உத்தரவு போட்டிருக்கிறாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆண்பிள்ளை.

“அடுத்து யாரு சார்?” என்றார் மேற்பார்வையாளர். பேனா தயாராக நின்றது.

திருப்பிய முகம் தானாகத் திரும்பி வந்தது. புருவம் இரண்டையும் உயர்த்தினார். அந்த ஊரில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

லூர்திங் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் செருகினாள். சொல்லிவைத்த சைகை கிடைத்ததும் வகுப்பு சலசலத்தது. பாதி வலக்கைகள் இறங்கின. அதே வேகத்தில் இடக்கைகள் ஏறின.

அப்புறம் என்ன? ‘ஹூ’ ஆளைத் தேடிப் போனது. ‘விச்’ பொருளைத் தேடிப் போனது. கமா ஒழுங்காக உட்கார்ந்தது. மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

சாயங்காலம் கடைக்கு வந்த சார் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“சனிக்கிழம வரமாட்டேன்.”

“ஒத்துக்கிட்டீங்களே?”

“வாயத் தொறந்தேனா? புருவத்துல ஈ உக்காந்துச்சு.”

லூர்திங் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “உங்களத் தெரியாதா எனக்கு? பன்சித் குடுக்கறப்பவே அந்தம்மாவத் திருவிழாவுக்குக் கூப்ட்டுட்டேன். வராங்களாம். நீங்க பாடறதக் கேக்கணுமாம்.”

“வந்துட்டுப் போகட்டும். எனக்கென்ன? நான்தான் தேறிட்டேனே.”

“யாரு சொன்னா? திங்கக்கிழமதான் அறிக்கையில கையெழுத்துப் போடறாங்களாம்.”

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லச் சுருதி பிடித்துப் பார்த்தார்.